பேரல் பம்பு கற்பித்த பாடம்

உலகில் ஆசிரியர் பலர். நூல் கொண்டு கற்பிப்போர் ஒருசாரார். வாய் திறவாமலே கற்பிக்கும் பொருள்கள் ஒருசாரன. எமக்கு வாய்த்த ஆசிரியருள் ஒன்று, ஏறத்தாழ 3 அடி நீளமுள்ள குழாய் உடலும், தலையில் ஒரு கைப்பிடியும், பக்கத்தே வளைந்து நீளும் மூக்கும் உடையது. பேரலில் உள்ள திரவத்தைக் கேனுக்கு மாற்ற உதவும் கைப்பம்பே அஃது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் எழுதப் புகின், சங்கப் பாடலின் நயத்தையோ காப்பியத் தலைவியின் கற்பையோ எழுதுவான் என எம் கல்லூரி மலரைப் படிப்போர் எதிர்பார்ப்பது இயல்பே. அவர்கள் எம்மைப் பொறுத்தருள்க. எம்மால் ஓர் உயிர் ஊசலாட நேர்ந்த கதையை எழுதாமல் வேறொன்றை எழுத இவ்வாண்டு எம் கை எழவில்லை.

எம் ஊர் தாமிரபரணிக் கரையை அடுத்தது. ஆங்கு எம் சிறிய தந்தையார் ஒரு சிறு தொழிற்கூடம் நடத்தி வருகின்றார். தரை கழுவும் பினாயில், கழிப்பறை துலக்கும் ஆசிட், துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம், கை துடைக்கும் சானிடைசர் ஆகியவற்றைக் கலந்தும் நிரப்பியும் கடைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். மூலப்பொருள்கள் 200 லிட்டர் கொள்ளும் பேரல்களில் லாரியில் வந்து இறங்கும். விற்பனைக்குப் போவனவோ 5 லிட்டர்க் கேன்கள். ஆகவே, பெரிய கலத்திலிருந்து சிறிய கலத்திற்குத் திரவத்தை மாற்றுதலே அக்கூடத்தின் தொழில் எனச் சுருங்கக் கூறிவிடலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் நீர் நிறைந்த பேரலே 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆசிட் நிறைந்தது அதனினும் கனமுடையது. அதனைச் சாய்த்துக் கவிழ்த்து ஊற்றுதல் ஒருவரால் ஆகாது. இருவர் முயலினும் எங்கே சிந்தும், யார் மேல் தெறிக்கும் என்று யாரும் சொல்லவியலாது.

விடுமுறைதோறும் யாம் அங்குச் சென்று கைப்பணி செய்வது வழக்கம். எம்மைக் காணும்போதெல்லாம் சிறிய தந்தையார், "என்னடே, தமிழ் படிச்சு எந்தப் பேரலைத் திறக்கப் போறே?" என்று நகையாடுவார். யாமும் நகைத்துவிட்டுப் பணியில் ஈடுபடுவோம். அவ்வினாவிற்கு ஒரு நாள் விடை கூற நேரும் என யாம் அப்போது கருதவில்லை.

அக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றும் பெரியவர் ஒருவர் உளர். அவரை யாவரும் அண்ணாச்சி என்றே அழைப்பர். யாமும் அங்ஙனமே அழைப்போம். பம்பு என ஒன்று அக்கூடத்திற்குள் வருமுன், ஒரு நீண்ட குழாயும் தம் வாயுமே அவர் கருவிகள். குழாயின் ஒரு முனையைப் பேரலில் அமிழ்த்தி, மறு முனையை வாயில் வைத்து ஒரே மூச்சில் இழுப்பார். திரவம் உதட்டை அணுகும் கணத்தில் முனையைத் தாழ்த்திக் கேனில் விடுவார். பின்னர் அது தானே ஒழுகி நிரம்பும். ஆசிட்டிற்கு மட்டும் குடுவையால் மொண்டு ஊற்றுவார். டீசல், பினாயில் எண்ணெய் முதலியவற்றிற்கு வாயே பம்பு.

இதன் உட்பொருளை எம் நண்பரான இயற்பியல் மாணவர் ஒருவர் எமக்கு விளக்கினார். வாயால் இழுக்கும்போது நாம் திரவத்தை இழுப்பதாக எண்ணுகின்றோம். உண்மையில் குழாயினுள் இருக்கும் காற்றையே அகற்றுகின்றோம். பேரலின் வாய் வழியே புறக்காற்று திரவத்தின் மேல் அழுத்த, அது குழாயில் ஏறுகின்றது. காற்றிற்கு எடையும் அழுத்தமும் உண்டு என்பதை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643ஆம் ஆண்டளவில் பாதரசக் குழாய் கொண்டு காட்டினார். அவ்வழுத்தம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் வரை தாங்க வல்லது. இத்துணை வலிய காற்றைத் துணைக் கொண்டு இயங்கும் குழாயின் மறு முனையில், மெல்லிய சவ்வாலான நுரையீரலை வைத்துக்கொண்டு நின்றார் அண்ணாச்சி.

2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்க வழக்கம்போல் அவர் குழாயை வாயில் வைத்து இழுத்தார். எவரோ வாயிலிலிருந்து அழைத்தனர். திரும்பிப் பார்த்த கணத்தில் டீசல் வாய் நிறைந்து, இருமலோடு மூச்சுக்குழலில் இறங்கிவிட்டது. உடனிருந்தோர், வாந்தி எடுத்தால் நஞ்சு வெளிப்படும் என எண்ணி உப்பு நீர் கொடுக்க முற்பட்டனர். நல்லூழாக, அருகிருந்த செவிலிப் பெண் ஒருத்தி ஓடிவந்து தடுத்தாள். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் போன்றவை வயிற்றுள் சென்றதைக் காட்டிலும் நுரையீரலுள் சென்றதே பெருங்கேடு விளைக்கும். வாந்தி எடுக்கச் செய்தால், விழுங்கிய எண்ணெய் மேலெழுந்து மீண்டும் மூச்சுக்குழலுள் புகும். ஆகவே வாந்தியைத் தூண்டாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே முறை. வாயில் எண்ணெய் கொண்டு தீ உமிழும் வித்தைக்காரர்களுக்கும் இவ்வகை நுரையீரல் அழற்சி நேர்வதுண்டு எனப் பின்னர் மருத்துவர் கூறினார். அண்ணாச்சி பிழைத்தெழுந்தார், ஆயினும் பத்துப் படி ஏறினால் இரைப்பு வரும் நிலை அவரை விட்டு நீங்கவில்லை. பேரல்களின் பக்கமே செல்லலாகாது என மருத்துவர் ஆணையிட, கேன்களுக்குத் தாள் ஒட்டும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது.

அதன் பின்னரே எம் சிறிய தந்தையார் பம்புகள் வாங்கினார். அவை பலவகைப்பட்டன. கைப்பிடியை மேலும் கீழும் அசைக்க உள்ளே தண்டு ஏறி இறங்கித் திரவத்தை மேலேற்றுவது ஒரு வகை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளிருக்கும் தகடுகள் சுழன்று திரவத்தைத் தள்ளுவது மற்றொரு வகை. நீண்ட குழாயின் அடியில் சிறு சுழலி ஒன்று இருக்க, தலையில் பொருத்திய மின் மோட்டார் அதனைச் சுழற்றுவது மூன்றாம் வகை. மின்சாரத்திற்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றால் இயங்குவனவும் உள. பேரலின் தலையில் இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று 2 அங்குலமும் மற்றொன்று முக்கால் அங்குலமும் ஆகும். பெரிய வாயில் பம்பு திருகி அமரும். சிறிய வாய் எதற்கு என வினவினோம். "பேரலும் மூச்சு விட வேண்டாமா?" என்றார் சிறிய தந்தையார்.

அது வேடிக்கைச் சொல் அன்று. திரவம் வெளியேறும் அளவிற்குக் காற்று உட்புக வேண்டும். சிறிய வாயைத் திறவாமல் பம்பு அடித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கைப்பிடி இறுகும். மெல்லிய தகரப் பேரலாயின் புறக்காற்றின் அழுத்தத்தால் ஒடுங்கவும் கூடும். வெயிலில் நின்ற பேரலின் நிலையோ இதற்கு நேர்மாறு. உள்ளே ஆவி பெருகி அழுந்தி நிற்கும். மூடியைச் சடக்கெனத் திறப்பவர் முகத்தில் அது பீறிட்டு அடிக்கும். ஆதலின் முதலில் சிறிதே தளர்த்தி, ஓசை அடங்கிய பின்னரே முற்றத் திறத்தல் வேண்டும். மற்றுமொன்று: கையை நிறுத்தியதும் பம்பு நின்றுவிடும் என நம்பலாகாது. வெளிக்குழாயின் முனை பேரலின் திரவ மட்டத்திற்குத் தாழ்ந்திருப்பின், சில பம்புகளில் திரவம் தானே தொடர்ந்து ஒழுகிக் கேன் வழிந்துவிடும். முனையை உயர்த்திப் பிடித்தோ, காற்று புகும் திருகைத் திறந்தோ ஒழுக்கை முறித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையான விதி, இன்ன திரவத்திற்கு இன்ன பம்பு என்பதே. பழைய தோற்பையில் புது ரசத்தை வார்த்தால் பையும் கெடும், ரசமும் கெடும் என்னும் உவமையை ஞாயிறு பள்ளியில் சிறுவயதிலேயே கேட்டவர் யாம். அதன் ஆன்மிகப் பொருள் ஒருபுறம் இருக்க, தொழிற்கூடத்தில் அதன் நேர்ப்பொருளே எமக்கு விளங்கிற்று. கடையில் ஆசிட் என விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்பை அரிக்கும். அரிக்கும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கும். ஆகவே அதற்குப் பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியாலான பம்பு. டீசலுக்கு வார்ப்பிரும்புப் பம்பு. சானிடைசருக்கு வரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்குத் துருவேறா எஃகுப் பம்பு. குழாய் மட்டுமன்று, அதனுள் இருக்கும் வாஷரும் திரவத்திற்கு ஏற்றதாதல் வேண்டும். ஒரு திரவத்தில் பல்லாண்டு நிலைக்கும் ரப்பர், மற்றொன்றில் சில நாளில் ஊதிப் பிளந்துவிடும். பிளீச்சிங் திரவத்திற்கும் ஒரு பாலிபுரொப்பிலீன் பம்பு வாங்கப்பட்டது. ஆசிட் பம்பும் பிளீச்சிங் பம்பும் நிறத்தாலும் வடிவாலும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. இக்குறிப்பை வாசகர் நினைவிற் கொள்க.

ஆல்கஹால் பேரலைத் திறக்கும் நாள்களில் சிறிய தந்தையாரின் கண்டிப்பு இரு மடங்காகும். அதன் ஆவி ஏறத்தாழ 12 பாகை செல்சியசு வெப்பத்திலேயே தீப்பற்ற வல்லது. எம் ஊரில் மார்கழி இரவிலும் அத்துணைக் குளிர் கிடையாது. அன்றியும் அவ்வாவி காற்றினும் இரு மடங்கு கனமுடையது. தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவிலிருக்கும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். ஆகவே அருகில் தீயும் கூடாது. பொறி பறக்கும் எளிய மின் மோட்டாரும் கூடாது. இவையன்றிக் கண்ணுக்குப் புலப்படாத பொறியும் ஒன்றுண்டு. திரவம் குழாயின் வழியே விரைந்து ஓடும்போது உராய்வால் மின்னேற்றம் பிறக்கின்றது. அது பேரலிலோ பாத்திரத்திலோ தேங்கி, தக்க தருணத்தில் சிறு பொறியாய்த் தாவும். அதனைத் தடுக்க, உலோகப் பேரலையும் ஏற்கும் உலோகப் பாத்திரத்தையும் ஒரு கம்பியால் பிணைத்து, பேரலை எர்த் கம்பியோடு இணைத்தல் வேண்டும். கவ்வி பெயிண்டின் மேல் அன்றி வெற்று உலோகத்தைக் கடித்திருத்தல் வேண்டும். வெளிக்குழாயின் முனை பாத்திரத்தின் அடியைத் தொட்டிருக்க, திரவம் மெல்ல நிறைதல் வேண்டும். உயரத்திலிருந்து அருவிபோல் வீழ்தல் ஆகாது. பாத்திரத்தை விளிம்பு மட்டும் நிரப்பாது, திரவம் வெப்பத்தால் விரிய இடம் விடுதலும் முறை.

இவ்விதிகளையெல்லாம் சிறிய தந்தையார் கூறக் கேட்டு, யாம் மனனம் செய்திருந்தோம். தொல்காப்பிய நூற்பாக்களை ஒப்பிக்கும் நாவிற்கு இவை எம்மாத்திரம்? ஆனால் ஒப்பித்தல் வேறு, கையாளுதல் வேறு என்பதை உணர்த்தவே அந்நாள் வந்தது போலும்.

2023ஆம் ஆண்டு மே மாதம். சிறிய தந்தையார் வெளியூர் சென்றிருந்தார். மாலைக்குள் பிளீச்சிங் கேன்கள் நாற்பது நிரப்பி வைக்குமாறு எம்மிடம் கூறியிருந்தார். பிளீச்சிங் பம்பின் வாஷர் முதல் நாளே பழுதாகி, அது கழற்றிப் போடப்பட்டிருந்தது. ஆசிட் பம்போ சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நெகிழி, ஒரே வடிவு. ஒன்றிற்குப் பொருந்துவது மற்றொன்றிற்கும் பொருந்தும் அன்றோ என்று எம் அறிவு வாதிட்டது. பம்பின் புறத்தை நீரூற்றிக் கழுவினோம். அகத்தில் தங்கியிருந்த ஆசிட்டை யாம் நினைத்தும் பார்க்கவில்லை. பிளீச்சிங் பேரலின் மூடியைத் திறந்து, பம்பைச் செருகி, கைப்பிடியை இரண்டு முறை அசைத்தோம்.

மூன்றாம் முறைக்கு முன்னரே மணம் மாறிற்று. பேரலின் வாயிலிருந்து மஞ்சளும் பசுமையும் கலந்த புகை ஒன்று கசிந்து எழக் கண்டோம். கண்கள் எரிந்தன; தொண்டையை யாரோ கத்தியால் சுரண்டுவது போன்றதோர் இருமல் எழுந்தது. கதவு ஆறு அடித் தொலைவில்தான் இருந்தது. ஆனால் அக்கணத்தில் எமக்குத் தோன்றியது, குனிந்து அமர்ந்தால் மூச்சு கிடைக்கும் என்பதே. புகை மேலே எழும் என்று அடுப்பங்கரை கற்பித்த அறிவு அது. யாம் அமர்ந்தோம். அதுவே பெரும்பிழை. பிளீச்சிங் திரவமாகிய சோடியம் ஹைப்போகுளோரைட்டோடு ஆசிட் கலந்தால் பிறப்பது குளோரின் வாயு. அது காற்றினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுடையது. தரையை நோக்கியே இறங்கும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தில் ஈப்ர் நகரின் அருகே ஜெர்மானியப் படையினர் இதனையே காற்றில் விட்டனர். பதுங்குகுழிகளில் இருந்த போர்வீரரை அது தேடி இறங்கிச் சென்று மாய்த்தது. வரலாற்று நூலில் யாம் படித்த அவ்வாயு, எம் கையாலேயே பிறந்து, யாம் அமர்ந்த இடத்திற்கு இறங்கி வந்தது.

அடுத்து எமக்கு நினைவிலிருப்பது, எம் சட்டைக் காலரைப் பற்றி இழுத்த ஒரு கை. தாள் ஒட்டும் மேசையை விட்டு எழுந்து, தோள் துண்டை நீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, மருத்துவர் விலக்கியிருந்த அவ்விடத்திற்கே அண்ணாச்சி வந்துவிட்டார். ஈரத்துண்டு குளோரினுக்குத் தக்க காப்பு அன்று. தக்க முகக்கவசமும் மூச்சுக்கருவியும் இன்றி நச்சு வாயுவுள் புகுவோர், மீட்கச் சென்று தாமே வீழ்தல் பலவிடத்தும் நிகழ்வது. அவர் உள்ளே வந்திருக்கலாகாது. ஆயினும் அவர் வந்திராவிடில் இக்கட்டுரையை எழுத யாம் இருந்திருப்போமோ என்பது ஐயம். எம்மை வெளியே இழுத்துக் கிடத்திய பின்னர், வேப்பமரத்தடியில் அவர் தாமும் வீழ்ந்தார்.

தெருவினர் எம் இருவரையும் மருத்துவமனையில் சேர்த்தனர். எம் கண்களை நெடுநேரம் தூய நீரால் கழுவினர். மறுநாள் காலையே யாம் வீடு திரும்பினோம். பத்தொன்பது ஆண்டும் நிரம்பாத நுரையீரல் விரைவில் தேறிற்று. டீசலால் முன்னரே நைந்த அண்ணாச்சியின் நுரையீரலோ அங்ஙனம் தேறவில்லை. ஐந்து நாள் பிராணவாயுக் குழாயோடு கிடந்தார். வெளித்தாழ்வாரத்தில் அவர் மனைவியார் அமர்ந்திருந்தார். யாம் அவர் எதிரே சென்று, "அக்கா, தப்பு என்னுடையது" என்றோம். அவர் ஒன்றும் கூறவில்லை. தம் கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எம்மிடம் நீட்டினார். அதனை யாம் உண்டோம். அத்தகைய கசப்பான உணவை அதற்கு முன்னும் பின்னும் யாம் உண்டதில்லை.

அவர் பேசத் தொடங்கிய நாளில், ஏன் உள்ளே வந்தீர்கள் என்று வினவினோம். "ஆசிட் பம்பைப் பிளீச்சிங்கிலே போட்டா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது தம்பி. நீ இருமுறது கேட்டுச்சு, வந்தேன்" என்றார். அச்சொல் எம் நெஞ்சைத் தைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கூடத்தில் உழைத்தவர்க்கு அது தெரியாது! ஏன் தெரியாது? பேரல்களின் மேல் எச்சரிக்கை இல்லாமலா இருந்தது? இருந்தது, அமிலத்தோடு கலக்கலாகாது எனத் தெளிவாகவே அச்சிட்டிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். பேரலோடு வந்த பாதுகாப்புத் தகவல் தாளும் ஆங்கிலத்திலேயே இருந்தது. அது சிறிய தந்தையாரின் மேசை அறையுள் மடிந்து கிடந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த யாமோ அவ்வெச்சரிக்கையைப் படிக்கவில்லை. படித்திருக்கக் கூடிய அண்ணாச்சிக்கோ ஆங்கிலம் தெரியாது. பேரல் இரண்டும் ஒரே நீல நிறம். பம்பு இரண்டும் ஒரே வெள்ளை நிறம். வேறுபாடு எம் நினைவில் மட்டும் இருந்தது. நினைவை நம்பி நச்சுப் பொருளை வைத்தோம்.

ஆகவே விடுமுறையின் எஞ்சிய நாள்களில், எம் பிழைக்குக் கழுவாயாக ஒரு பணியை மேற்கொண்டோம். ஒவ்வொரு பேரலுக்கும் ஒவ்வொரு பம்பிற்கும் தமிழில் பெயர்ப்பலகை எழுதத் துணிந்தோம். தமிழ்ச் சிறப்பு மாணவர் அல்லரோ? முதற் பலகையில், "இப்பம்பு ஆசிட்டிற்கே உரித்து, பிற திரவங்களிற் பெய்தல் ஏலாது" என அழகுற வரைந்தோம். வீடு திரும்பியிருந்த அண்ணாச்சியிடம் அதனைக் காட்டிப் படிக்கச் சொன்னோம். எழுத்துக் கூட்டிப் படித்தார், சற்றுநேரம் பலகையை நோக்கினார், பின்னர், "எதைத் தம்பி உரிக்கணும்?" என்று வினவினார்.

யாம் நகைத்தோம், பின் நாணினோம். அவரை உய்விக்க எழுதிய சொல், அவர்க்கு விளங்காத சொல்லாயிற்று. ஆங்கிலத்தில் எழுதினோர்க்கும் எமக்கும் வேறுபாடு என்னை? பலகையை அழித்து, அண்ணாச்சியின் வாய்ச்சொல்லையே கேட்டுக் கேட்டு எழுதினோம். "ஆசிட் பம்பு. வேறு எதிலும் போடாதே." "பிளீச்சிங். ஆசிட் பட்டால் விஷப்புகை. வெளியே ஓடு. குனியாதே." "டீசல். வாயால் இழுக்காதே. விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போ." "சானிடைசர் ஸ்பிரிட். எர்த் கம்பி மாட்டிய பிறகு திற." ஆசிட் பம்பிற்கும் பேரலுக்கும் சிவப்புப் பெயிண்ட் வளையம், பிளீச்சிங்கிற்கு மஞ்சள் வளையம். எழுத்தறியாதார்க்கும் சிவப்பு சிவப்போடு, மஞ்சள் மஞ்சளோடு சேரும் என்பது விளங்கும் அன்றோ? ஒவ்வொரு பலகையையும் அண்ணாச்சி ஒருமுறை படித்து, தடையின்றிப் பொருள் கூறிய பின்னரே மாட்டினோம். எம் வாழ்நாளில் யாம் எழுதிய எக்கட்டுரைக்கும் அத்துணைக் கண்டிப்பான திருத்துநர் வாய்த்ததில்லை.

ஊர் திரும்பிய சிறிய தந்தையார் எம்மைக் கடிந்தார். அது எமக்குத் தகும். பின்னர்ச் சுவரில் தொங்கிய பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சென்றார். கூடத்தின் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் இரு வேறு அறைகளில் பிரித்து வைத்தார். பழுதான பம்பிற்கு மாற்று வாஷர் எப்போதும் இருப்பில் இருக்கச் செய்தார். கண்ணாடிக் கவசமும் ஆசிட் தாங்கும் கையுறையும் ரப்பர் முன்னாடையும் இன்றி யாரும் பேரலைத் திறவாதவாறு ஒழுங்கு செய்தார். பணி முடிந்ததும் ஒவ்வொரு பம்பையும், அதனதன் திரவம் வடிந்த பின், நீரால் கழுவத் தக்கதை உள்ளும் புறமும் நீர் இறைத்துக் கழுவி, அதனதன் நிறமிட்ட கொக்கியிலேயே மாட்டுவது இப்போது வழக்கம். தமிழ் படித்து எந்தப் பேரலைத் திறக்கப் போகிறாய் என்று அவர் அதன்பின் எம்மை வினவியதில்லை. வினவினால், திறக்கும் முன் படிக்கத் தக்கதை எழுதப் போகின்றோம் என விடை கூறுவோம்.

அன்பர்களே, கருவி நம்மைக் காக்கும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம். பேரல் பம்பு அண்ணாச்சியின் வாயைக் குழாயிலிருந்து விடுவித்தது; அது பெரும் நன்மையே. ஆனால் அது எம் கவனத்தை எம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு தானே காவல் நிற்கவில்லை. எத்திரவம், எப்பம்பு, முன்னர் அதில் ஓடியது யாது, காற்று புகும் வழி எது, ஆவி போகும் திசை எது என்னும் வினாக்களைக் கையாள்பவனே ஒவ்வொரு முறையும் வினவுதல் வேண்டும். அஞ்சத் தக்கவற்றை அஞ்சாது கையாளுதல் வீரம் அன்று என்பதைத் தமிழ் மறை பயின்ற நமக்குப் பிறர் கூற வேண்டுவதில்லை.

நம் மாணவர் விடுதியின் பின்புறத்தும் டீசல் பேரல் ஒன்று நிற்கின்றது. வேதியியல் கூடத்தின் இருப்பு அறையில் பெரிய கலங்கள் பல உள. துப்புரவுப் பணி செய்யும் தாய்மார் பினாயிலும் ஆசிட்டும் பிளீச்சிங்கும் நாள்தோறும் கையாளுகின்றனர். இம்மலரைப் படித்து முடித்தபின், அவற்றுள் ஒன்றனருகே சென்று, அதன்மேல் என்ன எழுதியிருக்கின்றது, அதனைக் கையாள்வோர் அதனைப் படிக்கக் கூடுமா என்று ஒருமுறை நோக்குக. கூடாதெனின் எம்மிடம் கூறுக. தூரிகையும் சிவப்பு மஞ்சள் பெயிண்டும் எம் அறையில் இன்றும் உள. எழுதியதைத் திருத்த அண்ணாச்சியும் உளர்; மெல்ல இரைத்துக்கொண்டே படிப்பார், ஆனால் ஒரு பிழையையும் விடமாட்டார்.